கண்ணை மூடிக் கேட்டவர்

ஞாயிறு பள்ளியில் என்னோடு ஒரே பெஞ்சில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்களில் நாலைந்து பேராவது இதைப் படிப்பீர்கள் என்று நினைக்கிறேன். முழங்கால் வலியும் சர்க்கரை மாத்திரையும் உங்களுக்கும் வந்திருக்கும். நான் இப்போது மதுரை வில்லாபுரத்தில் மகள் வீட்டு மாடியில் இருக்கிறேன். பொழுது போகவில்லை என்று இதை எழுதவில்லை. நமக்கு ஒன்பது வயதிருக்கும்போது நம் சபையை நடத்த ஒரு உபதேசியார் வந்தாரே, சைக்கிள் கேரியரில் எப்போதும் ஒரு கோரைப்பாயைச் சுருட்டிக் கட்டியிருப்பாரே, அவரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர் ஏன் பாதி வருஷத்தில் போனார் என்பதற்கு உங்கள் வீடுகளில் ஒரு காரணம் சொல்லியிருப்பார்கள். அந்தக் காரணத்தைக் கொடுத்தவள் நான்.

மறந்துபோனவர்களுக்காகக் கொஞ்சம் நினைவுபடுத்துகிறேன். எழுமலைக்குப் பக்கத்தில் நம் ஊர். ஓட்டுக் கூரை போட்ட கோயில், உள்ளே நுழைந்ததும் வௌவால் நாற்றம், வாசல் பக்கத்துச் சுவரில் ஒரு கரும்பலகை. என் அப்பா சபைப் பள்ளியில் தலைமை ஆசிரியர், சபைக்குச் செயலாளரும் அவரே. ஆராதனை நடக்கும்போதே கடைசி வரிசையில் நின்று தலைகளை எண்ணுவார். முடிந்ததும் அந்த எண்ணைப் பலகையில் சாக்பீஸால் எழுதுவார். போன வாரத்தைவிட ஏறியிருந்தால் அன்று மதியம் குழம்பில் உப்பு இல்லையென்றாலும் வாயைத் திறக்க மாட்டார். இறங்கியிருந்தால் அம்மா பாடு திண்டாட்டம். இத்தனைக்கும் கெட்ட மனிதர் இல்லை. கோயில் ஓடு ஒழுகியபோது பள்ளி விட்டதும் தானே ஏணி வைத்து ஏறி மாற்றியவர். அந்தச் சபையைத் தன் பிள்ளை மாதிரி வைத்திருந்தார். என்னைவிட அதன்மேல் பிரியம் அதிகம் என்று எனக்கு அப்போது ஒரு சந்தேகம்கூட உண்டு.

உபதேசியார் ஐப்பசி மழையோடு வந்து இறங்கினார். ஒல்லியான ஆள். சட்டைக் காலர் நைந்துபோய், அதைப் பிரித்துத் திருப்பிப் போட்டுத் தைத்திருந்தது. அவருக்கு முந்தி இருந்தவர் பிரசங்கம் பண்ணினால் ஓட்டுக்கடியில் இருக்கும் புறாவெல்லாம் பறக்கும். இவர் மேடையேறி மெதுவாக ஆரம்பித்து, நடுவில் நிறுத்தி, எதையோ யோசித்து, "அம்புட்டுதான்" என்று இறங்கிவிட்டார். பாட்டும் வராது. ஆஸ்பத்திரியில் கிடப்பவரைப் பார்க்கப் போக மறந்துவிடுவார், ஞாபகம் வந்து ஓடும்போது நோயாளி வீடு திரும்பியிருப்பார். அப்பா முதல் வாரமே, "இந்த ஆளை எங்க இருந்து பிடிச்சு அனுப்பியிருக்காங்க?" என்று கேட்டுவிட்டார்.

வியாழக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டில் ஜெபக்கூட்டம் நடக்கும், ஞாபகம் இருக்கிறதா? இருபது பேருக்குக் குறையாமல் வருவார்கள். ஜெபம் ஒரு பக்கம், அவித்த நிலக்கடலையும் கருப்பட்டிக் காப்பியும் ஒரு பக்கம். எனக்கு அந்த வாரத்தில் பிடித்த நாளே அதுதான். அம்மா அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடந்தபடி இருப்பாள், பாட்டு வந்தால் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு பாடுவாள். பெரியவர்கள் முன்னால் அவள் பேசி யாரும் கேட்டதில்லை.

உபதேசியார் மூன்றாம் வியாழனன்று தன் பாயைக் கொண்டுவந்து எங்கள் கூடத்தில் விரித்தார். "இந்தப் பாயில எம்புட்டுப் பேரு உக்கார முடியுதோ, அம்புட்டுப் பேருதான் ஒரு கூட்டம். பாய் நெறஞ்சிருச்சுன்னா இன்னொரு பாய் வாங்குவோம். அது வேற தெருவுக்குப் போகணும்" என்றார். பத்துப் பேர் உட்கார்ந்ததும் பாய் நிறைந்துவிட்டது. மிச்சப் பேர் சிரித்துக்கொண்டு சுவரோரம் நின்றார்கள். விளையாட்டு என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

"சரி, அடுத்த பாயை யாரு தூக்கிட்டுப் போறது?" என்றார் அப்பா, தன்னைத்தான் சொல்லப்போகிறார் என்ற தோரணையில்.

உபதேசியார் அடுப்படிப் பக்கம் திரும்பினார். "அக்கா போகட்டும் சார்."

அம்மா காப்பித் தூக்கை அப்படியே தரையில் வைத்தாள். அப்பா சிரித்தேவிட்டார். "அவளா? என்கிட்டயே நாலு வார்த்தை பேச மாட்டா உபதேசியாரே."

"அதுக்குத்தான் சார். நல்லாப் பேசுறவுக போனா, அங்க இருக்கவுக வாயைத் திறக்க மாட்டாக. காலம்பூரா கேட்டுக்கிட்டே உக்காந்திருப்பாக. எனக்குக் கேக்குறவுக வேணாம், சொல்றவுக வேணும்."

எந்தத் தெரு என்று சொன்னதும் அப்பா முகத்தில் இருந்த சிரிப்பும் போய்விட்டது. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருந்த ஆட்டுக்காரத் தெரு. நம் வீட்டுப் பெண்கள் அங்கே பால் வாங்கப் போவார்கள், வாசலில் நின்று வாங்கிக்கொண்டு திரும்பிவிடுவார்கள். உள்ளே போய்ப் பாயில் உட்காரும் வழக்கம் கிடையாது. ஏன் என்று யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சபையில் அதற்குக் காரணம் சொல்ல முடியாது, சொன்னால் அசிங்கம். அதனால் அப்பா எழுந்து வெளியே போனார்.

முதல் வியாழன் அம்மாவோடு நானும் போனேன். ஆட்டுக்காரப் பெரியம்மா என்று நாம் கூப்பிடுவோமே, பால் அளந்தபின் கொஞ்சம் கூடுதலாக ஊற்றுவாரே, அவர் வீட்டு முற்றம். புழுக்கை கூட்டித் தள்ளிய ஈர மண் வாசனை, கொட்டிலில் குட்டிகள் கத்தும் சத்தம். ஐந்தாறு பெண்கள், ஒரு தாத்தா, உபதேசியார், நாங்கள். வெளிச்சம் இன்னும் இருந்தது. அம்மா வேதப்புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். தொண்டையைக் கனைத்தாள். மறுபடியும் கனைத்தாள். சத்தம் வரவில்லை. கழுத்தில் வேர்வை இறங்குவதைப் பார்த்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது, எழுந்து ஓடிவிடலாம் என்று தோன்றியது.

உபதேசியார் சொன்னார்: "அக்கா, எல்லாரும் பாக்குறாகன்னுதான பயம்? யாரும் பாக்கல. நாங்க அம்புட்டுப் பேரும் கண்ணை மூடிக்கிறோம். நீங்க படிச்சு முடிச்சுச் சொல்லுங்க, அப்பறம் திறக்குறோம்."

எல்லோரும் மூடிக்கொண்டார்கள். நான் மட்டும் மூடவில்லை. மூடு என்றால் திறப்பதுதானே நம் வயது.

காணாமல் போன ஆட்டைத் தேடிப் போகிற பகுதியைத்தான் அம்மா படித்தாள். முதல் வரியில் மூன்று இடத்தில் தடுக்கினாள். தடுக்கும்போதெல்லாம் உபதேசியாரின் உதடு அசைந்தது. மூடிய கண்ணோடு அவர் அவளுக்காக உள்ளுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தார். கட்டைவிரலை ஆள்காட்டி விரலில் வைத்து அழுத்தி அழுத்தி எடுத்தார். அம்மா ஒரு வரி சரியாகப் படித்ததும் அந்த விரல் நின்றது. இவ்வளவையும் இந்த இரண்டு கண்ணால் பார்த்தேன். அவர் விழித்திருந்தார் என்பதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. இதை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அம்மா முடித்ததும் ஆட்டுக்காரப் பெரியம்மா கண்ணைத் திறந்து, "அதெப்படி? ஒண்ணைத் தேடுறேன்னு தொண்ணூத்தொம்பதையும் அத்துவானத்துல விட்டுட்டா போவாக?" என்று சண்டைக்கு வந்துவிட்டார்.

அம்மா உபதேசியாரைப் பார்த்தாள். அவருக்கு ஒரே சந்தோஷம். "எனக்கு ஆட்டைப் பத்தி என்ன தெரியும் பெரியம்மா? நீங்கதான் சொல்லணும்" என்றார்.

பெரியம்மா கால் மணி நேரம் பேசினார். எந்த ஆடு தொலையும், மந்தையை யாரிடம் ஒப்படைத்துவிட்டுப் போக வேண்டும், முள்ளில் சிக்கிய குட்டி எப்படிக் கத்தும் என்று எல்லாம் சொன்னார். கேட்டவர்கள் வாய் பிளந்து உட்கார்ந்திருந்தார்கள். கிளம்பும்போது உபதேசியார் அவரிடம், "இதை அடுத்த வாரம் உங்க தங்கச்சி வீட்டுல சொல்லுங்க. அந்த வீட்டுக்கு ஒரு பாய் கொண்டாரேன்" என்றார். வாய்க்கால் தாண்டும்போது அம்மா, "படிச்சிட்டேன்ல?" என்று என்னிடம் கேட்டாள்.

எனக்கு அதில் ஒரு சந்தோஷமும் இல்லை. அடுத்த வாரம் முதல் எங்கள் வீட்டில் கூட்டம் சுருங்கிவிட்டது. நிலக்கடலை இல்லை, காப்பி இல்லை. வியாழன் தோறும் அம்மா விளக்கு வைக்கிற நேரத்துக்குப் போய்விடுவாள். அப்பாவும் நானும் ஆறிப்போன சோற்றை எதிரெதிரே உட்கார்ந்து தின்போம். என் அம்மாவை இந்த ஆள் பிடுங்கிக்கொண்டு போய் ஆட்டுக்காரத் தெருவில் கொடுத்துவிட்டார் என்று எனக்கு அவர்மேல் அப்படி ஒரு கோபம்.

தை பிறப்பதற்குள் ஐந்து பாய் ஆகிவிட்டது. எல்லாமே நன்றாக நடந்தது என்று சொல்ல மாட்டேன். தையல்காரர் கொண்டுபோன பாயில் யார் முதலில் பாடுவது என்று சண்டை வந்து கூட்டம் கலைந்தது. பாய் நடுவில் ஓட்டையோடு திரும்பி வந்தது. உபதேசியார் அதைத் தடவிப் பார்த்து, "பாய்தான கிழிஞ்சிருக்கு" என்று சொல்லிக் கேரியரில் கட்டிக்கொண்டு போனார். மறு வாரமே தையல்காரரிடம் இன்னொரு பாயைக் கொடுத்தார்.

அப்பாவுக்குப் பொறுக்க முடியாமல் போனது வேறு விஷயம். ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே உபதேசியார் சபை ஆட்களை இரண்டு இரண்டு பேராகச் சுற்றுப்பட்டிகளுக்கு அனுப்ப ஆரம்பித்தார். அதுவும் நல்ல ஆட்களாகப் பார்த்து. ஆர்மோனியம் வாசிக்கிற அக்காவை அனுப்பிவிட்டார். மூன்று வாரம் சுருதி இல்லாமல் நாம் பாடியது யாருக்காவது ஞாபகம் இருக்கும். நூற்றைத் தாண்டி இருந்த பலகை எண் எண்பதுக்கு வந்து நின்றது. அப்பா சாக்பீஸை வைத்துக்கொண்டு பலகை முன்னால் ரொம்ப நேரம் நிற்பார். "நல்ல ஆளுகளைக் கையில வச்சுக்காம வெளிய அனுப்புறவன் ஒரு மேய்ப்பனா? தானும் பிரசங்கம் பண்றதில்ல, பண்றவனையும் வச்சுக்கிறதில்ல" என்று புலம்புவார். அவர் கண்ணுக்குச் சபை குறைந்துகொண்டே வந்தது. அது வேறு இடங்களில் முளைத்ததை எண்ணுவதற்கு அவரிடம் பலகை இல்லை.

ஒரு வியாழன் சாப்பிடும்போது அப்பா கேட்டார்: "ஆட்டுக்காரத் தெருவுல அந்த ஆளு அப்படி என்னதான் செய்யுறாரு? நீ பார்த்திருக்கேல்ல?"

நான் சொன்னேன்: "தூங்குறாருப்பா. அம்மா படிச்சாங்க. அவரு கண்ணை மூடித் தூங்கிட்டாரு."

அப்பா எச்சில் கையோடு எழுந்து, கையைக் கழுவிக்கொண்டு வந்து, பேனாவை எடுத்தார். நான் சொன்ன எதையும் அவர் அதற்கு முன் எழுதி வைத்ததில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

உபதேசியார்மேல் எழுதிய மனுவை எடுத்துக்கொண்டு அப்பா மதுரைக்குக் கிளம்பியபோது என்னையும் கூட்டிப் போனார். ஆரப்பாளையத்தில் இறங்கியதும் எனக்கு ரோஸ்மில்க் வாங்கித் தந்தார், பக்கத்துக் கடையில் நீல வார் போட்ட ரப்பர் செருப்பு ஒரு ஜோடி. எனக்கு அதுதான் முதல் செருப்பு. மதுரையில் இருந்த குருவானவரைப் பெரிய ஐயர் என்போம். நம் ஊர்ச் சபையும் அவர் பொறுப்பில்தான். அவர் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து காலை ஆட்டி ஆட்டி என் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பருத்தி வெடித்துக் கிடந்த மாசி மாதத்தில் விசாரணை வந்தது. ஒரு சனிக்கிழமை பகல். பெரிய ஐயரும் கமிட்டிக்காரர் இரண்டு பேரும் கோயிலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். எதிரே ஒரு நாற்காலியில் உபதேசியார். ஆண்கள் பெஞ்சில், பெண்கள் தரையில் பாயில். ஆட்டுக்காரப் பெரியம்மா உள்ளே வராமல் வாசலில் நின்றார். பெரிய ஐயர் மனுவைப் படித்தார். பிரசங்கம் செய்வதில்லை, நோயாளிகளைச் சந்திப்பதில்லை, ஆராதனையில் ஆள் குறைந்துவிட்டது. இதற்கெல்லாம் உபதேசியார் தலையை ஆட்டி ஒப்புக்கொண்டார். கடைசியாக ஒன்று: ஜெபக்கூட்டத்தில் உறங்குகிறார்.

"இது உண்மையா?" என்றார் பெரிய ஐயர்.

அன்று அந்த முற்றத்தில், புத்தகத்தைப் பார்த்துப் படித்த அம்மாவைத் தவிர, கண் திறந்திருந்தது ஒரே ஆள்தான். அது யார் என்று அவருக்குத் தெரியாமல் இருக்க முடியாது. என் பக்கம் திரும்பி ஒரு பார்வை பார்த்திருந்தால் நான் அங்கேயே அழுது சொல்லியிருப்பேன். அவர் பார்க்கவில்லை. "கண்ணை மூடியிருந்தது நிசம் ஐயா" என்று மட்டும் சொன்னார்.

அப்போது அம்மா எழுந்தாள்.

"அவரு தூங்கலை" என்றாள். பெஞ்சில் இருந்த அத்தனை ஆண்களும் திரும்பி அவளைப் பார்த்தார்கள். அப்பாவும் பார்த்தார். அம்மா முந்தானையை இழுத்து வாயில் வைத்தாள்.

உபதேசியார் தன் நாற்காலியில் உட்கார்ந்தபடியே கண்ணை மூடினார்.

அம்மா அதைப் பார்த்தாள். முந்தானை கீழே இறங்கியது. "நாங்க பயப்படாமப் பேசணும்னுதான் அவரு..." என்று ஆரம்பித்தாள். குரல் நன்றாகவே வந்தது.

கமிட்டிக்காரர் ஒருவர் கையை நீட்டி, "பாருங்கய்யா, இப்பவும் தூங்குறாரு!" என்றார்.

கோயில் முழுக்கச் சிரிப்பு. பெரிய ஐயரே கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார். அப்பா சிரித்தார். அம்மா நின்றபடி சுற்றிலும் பார்த்தாள், அப்புறம் என்னைப் பார்த்தாள். அந்த ஒரு பார்வையில் அவளுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. நான் குனிந்து என் நீல வாரைப் பார்த்தேன். நான் எழுந்து இரண்டு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அம்மா உட்கார்ந்துவிட்டாள்.

கடற்கரைப் பக்கம் ஏதோ ஒரு சின்னச் சபைக்கு அவரை மாற்றினார்கள். கிளம்புவதற்கு முதல் நாள் வீட்டுக்கு வந்தார். அப்பா பள்ளியில் இருந்தார். அம்மா அழுதாள். "இனிமே நான் அந்தத் தெருவுக்குப் போகல. நீங்க இல்லாம எப்படி?" என்றாள்.

"நான் போனதும் நின்னு போச்சுன்னா, அது என் கூட்டமா இருந்திருக்கும் அக்கா. அப்படின்னா நிக்கட்டும், நட்டமில்ல. உங்க கூட்டம்னா நிக்காது" என்றார். அப்புறம் கதவு மறைவில் நின்ற என்னைப் பார்த்துவிட்டார். "புதுச் செருப்பா பாப்பா? கடிக்குதா? தேங்காய் எண்ணெய் தடவி வை, சரியாயிரும். வாரேன்" என்று சொல்லி இறங்கிப் போனார். சைக்கிள் சபைக்குச் சொந்தமானது, அதனால் நடந்தே போனார். அந்தச் செருப்பில் ஒன்றை நானே வாய்க்காலில் போட்டேன். வீட்டில் தொலைந்துபோனது என்றேன்.

அம்மா என்னைத் திட்டவில்லை, கேட்கக்கூட இல்லை. அடுத்த வியாழன் ஆட்டுக்காரத் தெருவுக்குக் கிளம்பினாள். "இன்னும் எதுக்கு?" என்றார் அப்பா. "பாய் அங்க கிடக்கு" என்றாள் அம்மா. என்னைக் கூட்டிப் போகவில்லை. அதற்கப்புறம் ஒருநாளும் கூட்டிப் போகவில்லை. புதிதாக ஒரு உபதேசியார் வந்தார், புறாக்கள் மறுபடியும் பறந்தன, பலகையில் எண் ஏறியது.

அம்மா இறந்தபின் அப்பா என்னோடு வில்லாபுரம் வந்துவிட்டார். ஒரு நாள் மத்தியானம், மின்விசிறி ஓடாமல் நானே அவருக்கு விசிறிக்கொண்டிருந்தேன். திடீரென்று கேட்டார்: "அந்த மனுசன் தூங்குனதை நீ நிசமாவே பார்த்தியா?"

எத்தனை வருஷம் அதை மனதில் போட்டு உருட்டினாரோ. நான் விசிறியை நிறுத்தாமல், "எனக்கு ஞாபகம் இல்லப்பா" என்றேன். அவர் தலையை ஆட்டினார். "உங்கம்மா இதைப் பத்தி என்னை ஒரு தடவைகூடக் கேக்கல" என்றார். அந்த வருஷக் கடைசியில் அவரும் போய்விட்டார். ஒரே விஷயத்தில் ஒரே மனிதரிடம் இரண்டு முறை பொய் சொன்னவள் நான்.

இனி இந்த மாதம் நடந்தது. கீழ்வீட்டில் ஒரு ஆட்டோக்காரர் குடும்பம் இருக்கிறது. அவர் மனைவிக்கு முப்பது வயதிருக்கும். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வீட்டில் ஜெபம் வைக்கிறாள். "வாங்கம்மா, வாங்கம்மா" என்று ஏழு மாதமாகக் கூப்பிடுகிறாள். நானும் முழங்காலைச் சாக்குச் சொல்லி வந்தேன். போன செவ்வாய் சாக்குத் தீர்ந்துபோய் இறங்கினேன். ஒரே அறை, தரையில் பிளாஸ்டிக் பாய், எனக்கு மட்டும் ஒரு நாற்காலி. என்னோடு சேர்த்துப் பத்துப் பேர். ஒவ்வொருவராக ஏதோ ஒன்று சொன்னார்கள். என் முறை வந்தது. புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். முப்பது வருஷம் அலுவலகத்தில் எல்லோரையும் விரட்டி வேலை வாங்கியவள் நான்.

அந்தப் பெண் சாதாரணமாகச் சொன்னாள்: "அம்மா புதுசுல்ல, எல்லாரும் கண்ணை மூடிக்கங்க."

எல்லோரும் மூடிக்கொண்டார்கள்.

"இது யாரு உனக்குச் சொல்லிக் குடுத்தா?" என்று கேட்டேன்.

கண்ணைத் திறக்காமலே சொன்னாள்: "ஆரப்பாளையத்துல ஒரு அக்கா இருக்காகம்மா, அவுக கூட்டத்துல இருந்துதான் நான் வந்தேன். அவுக அப்படித்தான் செய்வாக."

"அவங்களுக்கு யாரு சொன்னா?"

"அவுக அம்மாச்சியாம். எழுமலைப் பக்கம் ஆடு வச்சிருந்தாகளாம். ஒரு வாத்தியார் வீட்டம்மா படிச்சுக் காட்டுவாகளாம்."

"ஒரு உபதேசியார் இருந்தாரே, பாய் கட்டின சைக்கிள்ல..."

"உபதேசியாரா? அப்படி யாரையும் எங்களுக்குத் தெரியாதும்மா."

அவரைத் தெரியவில்லை. அவருடைய கண்ணை மூடுகிற வழக்கம் மட்டும் ஆட்டுக்காரத் தெருவில் இருந்து கிளம்பி, ஆரப்பாளையம் வந்து, என் வீட்டுக் கீழே வந்து உட்கார்ந்திருக்கிறது. எனக்கு அழுகை வந்துவிட்டது, மறைக்கவில்லை. யாரும் பார்க்கவில்லையே.

மறுபடியும் கண் திறந்திருந்தது நான் ஒருத்திதான். ஒன்பது முகத்தையும் பார்த்தேன். அந்தப் பெண்ணின் உதடு லேசாக அசைந்துகொண்டிருந்தது.

"சொல்லுங்கம்மா, ஒண்ணும் அவசரமில்ல" என்றாள்.

நானும் கண்ணை மூடிக்கொண்டேன். எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. கடைசியில் அம்மா அன்று கோயிலில் எழுந்து நின்று சொன்ன இரண்டு வார்த்தையைத்தான் முதலில் சொன்னேன்.

"அவரு தூங்கலை."